மருந்து ஆய்வுப் பயிற்சி: வன்னியில் மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

கிளினிக்கல் ட்ரயலில், அதாவது மருந்தை மனிதரிடம் கொடுத்துப் பார்க்கிற ஆய்வில், வேலை செய்ய வருகிற எவரும் முதலில் முடிக்க வேண்டியது ஜிசிபி பயிற்சி. அந்த ஆய்வை ஒழுங்காக நடத்துவதற்கான சர்வதேச விதிமுறைதான் ஜிசிபி (Good Clinical Practice). நான் 2022இல் கிளிநொச்சியில் இருந்து அதை இணையத்தில் முடித்தேன். பிறகு முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஒன்பது பேருக்கு அதே பாடத்தை வைத்துப் பழக்கினேன்.

பதிவு எழுதுகிற ஒழுங்கை இந்தப் பாடம் அருமையாகப் பழக்குகிறது. பிழையாக எழுதினால் டிப்பெக்ஸ் பூசக் கூடாது. ஒற்றைக் கோடு கீறி, பழையது தெரியத்தக்கதாக விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையொப்பமும் திகதியும் இட வேண்டும். முன்பு தையல் வேலை செய்த தங்கச்சி ஒருவர் முதல் மாதத்தில் 148 என்ற பிறஷரை 184 என்று எழுதிவிட்டு, தாளைக் கிழிக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கோடு கீறிய தாளைத்தான் இப்போது புதிதாக வருபவர்களுக்கு முதலில் காட்டுகிறேன்.

சம்மதம் வாங்குகிற பகுதிதான் இங்கே போதவில்லை. பாடத்தில் வருகிற நோயாளி தாளை வாசித்து, கேள்வி கேட்டு, கையெழுத்து வைக்கிறார். எங்கள் சனம் 2009இல் செட்டிகுளம் முகாம்களில் பெயர் பதிந்து பதிந்து களைத்த சனம். தாளை நீட்டினாலே, "இது எங்க போகும் பிள்ளை?" என்றுதான் கேட்கிறார்கள். 'பரிசோதனை' என்ற சொல்லும் உதவவில்லை. சோதனை என்றால் இங்கே சாவடிதான் நினைவுக்கு வரும். 'மருந்து ஆய்வு' என்று மாற்றிக்கொண்டோம்.

எழுத வாசிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது ஆய்வுக் குழுவைச் சாராத ஒருவர் சாட்சியாகக் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் ஜி.எஸ்ஸை (கிராம சேவகரை) கூப்பிட்டோம். அவர் நல்ல மனுசன். ஆனால் நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது யார் மறுப்பார்கள்? அது முழுக்க எங்கள் பிழை. இப்போது யார் சாட்சி என்பதைச் சம்மதம் கொடுக்கிறவரே சொல்கிறார். அநேகமாகப் பக்கத்து வீட்டில் ஏ.எல் படித்த பிள்ளை ஒன்று வந்திருக்கும்.

யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்று ஆள் பார்க்காமல் பிரிக்கிற எழுமாற்றுத் தெரிவை விளக்க, சீட்டுக் குலுக்குவது போல என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அதுவும் வினையாகப் போனது. "எனக்குச் சீட்டு விழுமோ?" என்று ஒரு அம்மா ஆசையோடு கேட்டபோதுதான் உறைத்தது. புது மருந்தைப் பரிசு என்று நினைத்துவிட்டார். அது பழையதைவிட நல்லதா என்று தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது. அன்றிலிருந்து வயலை வைத்துச் சொல்கிறோம்: ஆட்டக்காரி என்ற பழைய நெல்லும் ஒரு புது நெல்லும் இருக்கிறது, எந்த வரம்புக்குள் எதை விதைப்பது என்று நாங்களே தெரிந்தெடுத்தால் பிடித்த நெல்லை நல்ல நிலத்தில் போட்டுவிடுவோம், அதனால் கண்ணை மூடிப் பிரிக்கிறோம். அதே அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரித் தண்ணி விடுவியளோ?" என்றார். எந்தப் பாடத்திலும் இவ்வளவு சரியான கேள்வியை நான் காணவில்லை.

குழு கலந்து இருப்பதன் பலன் வேலையில்தான் தெரிந்தது. மூன்று வேளை மாத்திரை அட்டவணையைப் பார்த்ததும், நோன்பு காலத்தில் மத்தியான மாத்திரையை எப்படிப் போடுவது என்று கேட்டவர் தண்ணீரூற்று ஊர் முஸ்லிம் தம்பி. வேறு எவருக்கும் அது தோன்றவில்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருவர் போகிற வீடுகளில், எங்களிடம் சொல்லாத நாட்டு மருந்தையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

பட்டதாரிகள்தான் இதற்குச் சரி என்பவர்களுக்கு கோப்ரா-பிபிஎஸ் என்ற பிறஷர் ஆய்வைக் காட்டுவேன். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கையில் 30 கிராமச் சமூகங்கள், 2,645 பேர். வீடு வீடாகப் போனவர்கள் பயிற்றப்பட்ட அரச சமூக சுகாதார ஊழியர்கள். 2020இல் வெளியான முடிவின்படி, அவர்கள் போன இடங்களில் மேல் பிறஷர் மற்ற இடங்களைவிடச் சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஜிசிபியின் மூன்றாம் திருத்தம் 2025 சனவரியில் வந்துவிட்டது. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் புதியதைப் பார்த்துவிடுங்கள். தொடங்குபவர்கள் இணையப் பாடத்தை முடித்த கையோடு சனத்திடம் போகாமல், இரண்டு கிழமையாவது ஒருவருக்கொருவர் சம்மதம் கேட்டுப் பழகுங்கள். நோயாளியாக இருப்பவர் ஒவ்வொரு முறையும் மறுக்கட்டும். மறுப்பைக் கேட்டு, நன்றி சொல்லி, தாளை மடித்துக்கொண்டு எழும்பப் பழகத்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கனநாள் எடுத்தது.