போர் தண்ணீர் வீட்டில் குழாய்கள்: எது உழைக்கிறது, எது சீக்கிரம் போகிறது

சென்னைப் புறநகரில் போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், குழாய்ச் சாமான்களின் ஆயுளை முடிவு செய்வது கம்பெனிப் பெயரைவிடத் தண்ணீரின் கடினத்தன்மைதான், அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. அதையும் தாண்டுகிற போர்கள் உண்டு. அப்படிப்பட்ட தண்ணீரைப் பல வருடம் ஓடவிட்ட பிறகு தெரிந்த விஷயங்கள் இவை.

முதலில், கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே முழுக்கத் திறக்கும் குழாய்கள். இவற்றின் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலில் இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தண்ணீரை அடைக்கின்றன. பீங்கான் சுலபத்தில் தேயாது. ஆனால் டேங்கிலிருந்து வரும் ஒரு மணல் துகள் இரண்டுக்கும் நடுவில் போனால் கீறல் விழும். அதன்பின் எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டும். பழைய ரப்பர் வாஷர் குழாய்க்குப் பழகிய கை, சொட்டைப் பார்த்ததும் இன்னும் அழுத்தித் திருகும். இந்தக் குழாயில் அப்படிச் செய்தால் கைப்பிடியின் பல் வழுக்கிப்போகும்.

ஸ்பிண்டில் மாற்ற பிளம்பர் தேவையில்லை. லைனின் வால்வை மூடுங்கள். கைப்பிடியின் மேல் உள்ள சின்ன மூடியை நெம்பி எடுத்தால் திருகாணி தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியையும், அடியிலுள்ள குரோம் உறையையும் எடுத்துவிட்டு, ஸ்பானரால் ஸ்பிண்டிலை இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கையும் நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வலப்பக்கம் திறப்பதும் இடப்பக்கம் திறப்பதும் தனித்தனி. புதியதைப் போடும் முன் இரண்டு வேலை பாக்கி. குழாயின் உள் தளத்தில் படிந்த உப்பைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சரியாக உட்காராது. பிறகு ஸ்பிண்டில் இல்லாமலே, பக்கெட்டும் துணியும் பிடித்துக்கொண்டு, வால்வைச் சில நொடி மெதுவாகத் திறந்து மூடுங்கள். லைனில் தங்கியிருக்கும் மணல் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் புது ஸ்பிண்டில் ஒரே வாரத்தில் மறுபடி சொட்டுகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாடலுக்கு ஸ்பிண்டில் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

துணி துவைக்கும் இடம், கொல்லைப்புறம், மொட்டை மாடி போன்ற இடங்களுக்கு பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய்களே மேல். உப்பு அரிக்காது, குரோம் உரியாது, விலையும் குறைவு. ஸ்பானர் போட்டு முறுக்கினால் மட்டும் மரை விண்டுவிடும். கையால் இறுக்கினால் போதும். கீசர் பக்கம் பித்தளைதான்.

கீசர், ஃப்ளஷ் டேங்க் போன்றவற்றுக்குப் போகும் தண்ணீரை மூடச் சுவரில் இருக்கும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கை யாரும் தொடுவதே இல்லை. பல வருடம் திறந்தபடியே கிடந்து உப்பில் இறுகிப்போய், அவசரத்தில் மூடப் பார்த்தால் அசையாது. மாதம் ஒருமுறை முழுக்க மூடித் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஃப்ளஷ் டேங்கின் ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. மோட்டார் அடிக்கடி போட வேண்டியிருப்பதுதான் அடையாளம். டேங்கில் கொஞ்சம் சாயம் அல்லது நீலம் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அடி வால்வின் ரப்பர் சீல் போய்விட்டது, அல்லது சீல் உட்காரும் விளிம்பில் உப்புக் கட்டியிருக்கிறது. பாதி நேரம் இரண்டாவதுதான் காரணம். தேய்த்துச் சுத்தம் செய்தாலே நின்றுவிடும். டேங்க் நிறைய வழக்கத்தைவிட நேரமானால், தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சின்னச் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

குழாய் முனையில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் சல்லடையான ஏரேட்டருக்கும் ஷவர் தலைக்கும் எலுமிச்சை உப்பு போதும். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வெள்ளைப் படிவு கரைந்துவிடும். டாய்லெட் ஆசிட்டை இதற்குத் தொடவே கூடாது. குரோம் பூச்சு கறுத்து உரிந்துவிடும்.

வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. லைன் சுவருக்குள் பிரச்சினை தருவது அரிது. ஒழுகுவது மரை உள்ள இடங்களில்தான். குழாய் பொருத்தும் ஒவ்வொரு முனையிலும் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் போடச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் மரை நாளடைவில் விண்டுவிடும். டெஃப்லான் டேப்பை முனையைப் பார்த்தபடி வலச்சுற்றாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். சி.பி.வி.சி. குழாயை ஒட்ட பி.வி.சி. பசையைப் பயன்படுத்தும் ஆட்களும் இருக்கிறார்கள், டப்பாவில் சி.பி.வி.சி. என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒட்டும்போது கால் சுற்று திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். முடிந்தால் ஒரு நாள் கழித்தே முழு அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள்.

கீசர் சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு. சூட்டில் தண்ணீர் விரிவதால் வருவது அது. தயவுசெய்து அந்த வாயை அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. வருடா வருடம் சர்வீஸ் செய்ய வரும் ஆளிடம் உள்ளே இருக்கும் மெக்னீசியம் தண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீரில் வேகமாகக் கரையும். மெலிந்து கம்பி தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அதை விட்டால் அடுத்து ஓட்டையாவது டேங்க்தான், அதைச் சரிசெய்ய வழியில்லை.

இத்தனை மணலும் வருவது ஓவர்ஹெட் டேங்கின் அடியிலிருந்து. வீட்டுக்கு இறங்கும் லைனின் தொடக்கத்தில், வால்வுக்கு அடுத்தபடியாக, சல்லடை வைத்த ஒய் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள். வால்வை மூடி, அடி மூடியைத் திருகி எடுத்துச் சல்லடையைக் கழுவ ஐந்து நிமிடம் ஆகும். டேங்க் கழுவும் ஒவ்வொரு தடவையும், கழுவி முடித்த மறுநாளும் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். கலங்கிய வண்டல் அதிகம் இறங்குவது அந்த இரண்டு நாளில்தான்.