இருமலுக்கு புலிப்பால் காளானா, கொல்லையில நிக்கிற ஆடாதோடையா?

எங்க ஊரு மலேசியாவுல, பேராக் மாநிலத்துல இருக்கற சுங்கை சிப்புட். சுத்தி எங்க பாத்தாலும் பாமாயில் எடுக்கற செம்பனைதான், பழைய கித்தா மரம், அதான் ரப்பர் மரம், அங்கொன்னு இங்கொன்னு நிக்கும், புகைமூட்டம் வர்ற மாசத்துல ஊரே இருமும். 2015-லயும் 2019-லயும் சுமாத்ரா பக்கத்து தீப்புகை வந்து நாட்டுல பல இடத்துல பள்ளிக்கூடத்தயே மூடுனாங்களே, அப்ப எங்க வீட்டு அடுப்புல கஷாயச் சட்டி இறங்கவே இல்ல.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில புலிப்பால் காளான் விக்கிறாங்களே, சின்னவன் ராத்திரி பூரா இருமுறான், வாங்கிக் குடுக்கவா, இல்ல உங்கம்மா வைக்கிற ஆடாதோடையே போதுமா"ன்னு கேட்டாங்க. நின்ன எடத்துலயே பதில் சொல்ல முடியல. ஏன்னா இது ரெண்டுல ஒன்னுங்கற கேள்வி இல்ல, தூதுவளை இருக்கு, கற்பூரவள்ளி இருக்கு, குப்பைமேனி வேற இருக்கு, ஒவ்வொன்னுக்கும் ஒரு இருமல் இருக்கு.

காளான்ல ஆரம்பிக்கிறேன், இப்ப எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. மலாய்ல சுசு ரிமாவ்னு சொல்லுவாங்க, பெண்புலி குட்டிக்குப் பால் குடுக்கறப்ப தரையில சிந்துன எடத்துல முளைக்கும்ங்கறது கதை. 1879-ல குக்குங்கற வெள்ளக்காரரு பினாங்குல கிடைச்ச காளான வச்சு இதுக்கு விஞ்ஞானப் பேரு வச்சாரு. அப்புறம் ரிட்லி, அதான் கித்தா மரத்துல பால் வெட்டற முறைய உருவாக்குனாரே அதே ரிட்லி, அவரும் இந்த ஊரு ஜனங்க இத மருந்தா எடுக்கறத எழுதி வச்சிருக்காரு. நம்ம தாத்தா பாட்டி கையில கத்திய குடுத்து நெத்தியில விளக்க கட்டி விட்ட தொழிலுக்கும் இந்தக் காளானுக்கும் இப்படி ஒரே ஆளு வழியா ஒரு தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு ரொம்ப நேரம் வேற யோசனையே ஓடல.

இதுல மருந்து குடையில இல்ல, மண்ணுக்கு அடியில இருக்கற கிழங்குலதான். எங்க ஊருக்குப் பக்கத்து லாசா பக்கமிருந்து காட்டுச் சாமான் கொண்டு வர்ற தெமியார் (இந்தக் காட்டோட பூர்வகுடி) பெரியவர் ஒருத்தர் எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுனாரு. கிழங்கு பாக்க இஞ்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவுல ஒரு உருவம், மேல பழுப்பா சுருக்கம் சுருக்கமா தோலு, உள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சொரசொரப்பான ஒரு கல்லுல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு சந்தனம் இழைக்கிற மாதிரி இழைச்சாரு, பால் மாதிரி ஒரு விழுது வந்துச்சு, அத தண்ணியில கலக்கி குடிக்கச் சொன்னாரு. பெருசா ருசி ஒன்னும் இல்ல, லேசா மண் வாசம். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெருசா பட்டுச்சு, குடை மேல வந்தாத்தான் கிழங்கு எங்க இருக்குன்னே தெரியும், ஆனா குடை நல்லா வளந்துட்டா கிழங்குல இருக்கற சத்த அதுவே தின்னுடும், தோண்டுனா சக்கைதான் மிஞ்சும். கூட்டமாவும் முளைக்காது, ஒரு எடத்துல ஒன்னுதான் இருக்கும். அப்படிப்பட்ட பொருள் வாராவாரம் பசார் மாலாம்ல கூடை கூடையா எப்படி வரும், நீங்களே சொல்லுங்க.

நானே ஏமாந்திருக்கேன். எங்கம்மாவுக்கு இளைப்பு அதிகமா இருந்தப்ப, காயவச்ச துண்டுன்னு ஒரு கடைக்காரர் குடுத்தத 40 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வாங்கிட்டு வந்து கொதிக்க வச்சா, கொழகொழன்னு மாவுக் கஞ்சியா போச்சு, அது ஏதோ மரவள்ளி மாதிரி கிழங்கு. அம்மா அத ரெண்டு நாளு நம்பிக் குடிச்சாங்க. அந்த 40 வெள்ளி போனது எனக்கு வலிக்கல, அந்த ரெண்டு நாளுதான் வலிச்சுது.

இப்ப இந்தக் காளான பண்ணையிலயே வளக்குறாங்க, பொடியாவும் கேப்சூலாவும் வருது. வாங்கித்தான் ஆகணும்னா அத வாங்குங்க, டப்பாவுல மால் (MAL) நம்பர், அதாவது அரசாங்கம் குடுக்கற மருந்துப் பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, பாரம்பரிய மருந்துன்னா அந்த நம்பர் T எழுத்துல முடியும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும். நோய் தீக்குமான்னு கேட்டா, எலி வச்சு பண்ண ஆராய்ச்சி நிறைய, மனுஷங்கள வச்சுப் பண்ணது கொஞ்சம்தான். தெமியார் சனங்க தலைமுறை தலைமுறையா சாப்பிட்டு வந்தத நான் குறைவா நினைக்கல. அவங்களுக்கு அது காட்டுல பாத்து, தோண்டி, இழைச்ச பொருள், நம்ம கைக்கு வர்றப்ப அது முகம் தெரியாத பொடி. என் பார்வையில அதுதான் பெரிய வித்தியாசம்.

ஆடாதோடை அப்படி இல்ல. இது இந்தக் காட்டுச் செடியும் இல்ல, நம்ம சனங்க தமிழ்நாட்டுல இருந்து கொண்டு வந்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வேலியோரம் நட்டது. ஆடு தொடாத இலைங்கறதாலதான் அந்தப் பேருன்னு சொல்லுவாங்க, அவ்வளவு கசப்பு. "ஆடாதோடை தின்னா பாடாத நாவும் பாடும்"னு எங்க பாட்டி சொல்லிக்கிட்டேதான் வாயில ஊத்துவாங்க, பாட்டு வராது, அழுகைதான் வரும், ஆனா மறுநாள் காலையில சளி கட்டி கட்டியா வெளிய வந்துடும். அதுக்குக் காரணம் இலையில இருக்கற வாசிசின்ங்கற சத்து. அந்த வாசிசின்ன வச்சு யோசிச்சு செஞ்சதுதான் புரோம்ஹெக்சின், 1963-ல ஒரு ஜெர்மன் கம்பெனி விக்க ஆரம்பிச்சுது, கிளினிக்ல சளிக்கு குடுக்கற அந்த மாத்திரையேதான். அது உடம்புக்குள்ள போய் மாறுறதுதான் அம்புரோக்சால், அதையும் தனி மருந்தா விக்கிறாங்க. அதனால டாக்டர் மருந்து வேற, பாட்டி மருந்து வேறன்னு சண்ட போடுறவங்ககிட்ட நான் இந்த ஒரு இலையத்தான் காட்டுவேன்.

கெட்டி சளி, நெஞ்சுல கட்டிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குதுன்னா, காளானா ஆடாதோடையான்னு கேட்டா நான் யோசிக்காம ஆடாதோடைன்னு சொல்லுவேன். பெரியவங்களுக்கு மூணு நாலு இலைய கிள்ளிப்போட்டு, ரெண்டு மிளகு தட்டிப்போட்டு, தண்ணி பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க விட்டு வடிகட்டுனா போதும். கசப்பு தாங்காதவங்க நாட்டு மருந்துக் கடையில ஆடாதோடை மணப்பாகு கேட்டு வாங்கலாம். ஆனா புள்ளத்தாச்சி பொம்பளைங்க இத தொடவே கூடாது, கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற குணம் இதுக்கு உண்டு. இத எங்க பாட்டி தலைமுறை தெளிவா சொல்லி வச்சிட்டுப் போச்சு, இப்ப வாட்ஸாப்ல கஷாயம் அனுப்புறவங்க யாரும் அந்த ஒரு வரிய சேத்து அனுப்புறதில்ல, எனக்கு அதுலதான் கோவம்.

தூதுவளைய இதுங்களோட போட்டிக்கு நிறுத்துறதே சரியில்லன்னு தோணும், அது மருந்தவிட சாப்பாடு. வள்ளலாரே கரிசாலைய சொன்ன கையோட தூதுவளையையும் சொல்லியிருக்காரு. இலையிலயும் தண்டுலயும் கொக்கி கொக்கியா முள்ளு, பறிக்கிறப்ப கையில கீறும், நெய்யில வதக்குனா முள்ளு அடங்கிடும், அப்புறம் தொவையலோ ரசமோ உங்க இஷ்டம். சளி வந்தப்புறம் தேடுறதவிட மழை மாசத்துல வாரம் ரெண்டு தடவ ரசமா சாப்பிடறதுதான் எங்க வீட்டு வழக்கம். சில பேரு தோட்டத்து ஓரத்துல தானா முளைக்கிற சுண்டைச் செடிய தூதுவளைன்னு நினைச்சுக்கறாங்க. சுண்டை ஆளுயரத்துக்கு புதரா நிக்கும், வெள்ளப்பூ, பச்சைக் காய். தூதுவளை கொடியா படரும், ஊதாப்பூ, பழம் செவப்பு. சுண்டை வத்தலும் சளிக்கு நல்லதுன்னுதான் சொல்லுவாங்க, மாத்திப் பறிச்சாலும் பெரிய ஆபத்து இல்ல, ஆனா முள்ளுச் செடியில விஷமுள்ளதும் இருக்கு, அதனால பூவ பாக்காம பறிக்காதீங்க.

குழந்தைங்கன்னா கற்பூரவள்ளிதான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. தடிச்ச, பூனைமயிர் மாதிரி மெத்துனு இருக்கற இலை, கசக்குனா ஓம வாசம் கொல்லை பூரா அடிக்கும். தணல்ல ஒரு இலைய வாட்டி புழிஞ்சா நாலஞ்சு சொட்டு சாறு வரும், தேன்ல குழைச்சு நாக்குல தடவணும். ஒரு வயசு நிரம்பாத குழந்தைக்கு தேன் கூடவே கூடாது, அந்த வயசுல தேன்ல இருக்கற கிருமி உயிருக்கே ஆபத்தாகும். மலாய்க்காரங்க இத பங்குன் பங்குன்னு சொல்லுவாங்க, சுமாத்ராவுல பாத்தாக் சனங்க புள்ள பெத்தவங்களுக்கு பால் ஊறணும்னு இதையே சூப்பு வைக்கிறாங்க. நம்மளோட வேல வேற, அவங்களோட வேல வேற, செடி ஒன்னுதான். ஆடாதோடை அளவுக்கு இதுக்கு வேகம் கிடையாது, சாதாரண சளி, தொண்டக் கரகரப்பு வரைக்கும்தான் தாங்கும்.

குப்பைமேனிய நான் வேணாம்னே சொல்லிடுறேன். சாற குடுத்தா குழந்தை வாந்தியெடுத்து சளி வெளிய வரும்னு பழைய பழக்கம் இருக்கு, எனக்கே சின்னதுல குடுத்திருக்காங்க. ஆனா ஜி6பிடிங்கற என்சைம் பிறவியிலயே குறைவா இருக்கற குழந்தைக்கு இந்தச் செடி உள்ள போனா ரத்த அணு ஒடஞ்சிடும். மலேசியாவுல புள்ள பொறந்த ஒடனே தொப்புள்கொடி ரத்தத்துல அத சோதிச்சுடறாங்க, ரிசல்ட் புள்ளயோட புக்குல இருக்கும், எடுத்துப் பாருங்க. பூனைங்க இதோட வேர மோந்துட்டு கிறுக்குப் பிடிச்ச மாதிரி உருளும், அதனாலதான் மலாய்ல கூச்சிங் கலாக்னு பேரு, கூச்சிங்னா பூனை. வெளிப்பூச்சோட விட்டுடலாம்.

எந்தச் செடியா இருந்தாலும், எங்க பறிக்கிறோம்ங்கறத பாக்கணும். தோட்டத்துல "மருந்து"ன்னா களைக்கொல்லின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், எங்கம்மா பதினோரு வருஷம் முதுகுல தொட்டி மாட்டி மருந்து அடிச்சாங்க. பாராகுவாட்ங்கற களைக்கொல்லிய 1.1.2020-ல இருந்து தடை பண்ணியாச்சு, ஆனா கிளைபோசேட்ங்கற இன்னொன்ன இன்னும் அடிக்கிறாங்க. அது அடிச்ச அன்னைக்கே இலை கருகாது, ஒரு வாரம் வரைக்கும்கூட பச்சையாவே நிக்கும், கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது. செம்பனை நிரையில தளதளன்னு நிக்கிற மூலிகைய பாத்து ஆசப்பட்டு பறிச்சிட்டு வர்றவங்கள நான் வழியிலயே நிறுத்தியிருக்கேன். மழைக்கு அப்புறம் செம்பனைக்கு அடியில வெள்ளையா குடை விரிக்கிற காளானும் அப்படித்தான், அதுல குடைக்கு அடிப்பக்கம் பச்சை படர்ற ஒரு வகை இருக்கு, சாப்பிட்டா வாந்தியும் பேதியும் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போகும்.

அந்த அக்கா கேள்விக்கு வர்றேன். நான் திருப்பி ஒன்னே ஒன்னு கேட்டேன், "இருமும்போது நெஞ்சுல விசில் சத்தம் கேக்குதாக்கா?" கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, விடியக்காலம் மூணு மணிக்கு கேக்கும்னாங்க. அப்ப இதுல எந்த இலையும் இல்லக்கா, காளானும் இல்ல, நாளைக்கே கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். ராத்திரி இருமலும் விசிலும் சேந்தா அது ஆஸ்துமாவா இருக்கலாம், இளைப்பு ஏறுறப்ப மூச்சுக்குழாய நிமிஷத்துல விரிக்கிறது அந்த நீல இன்ஹேலர்தான், கஷாயம் கொதிக்கற நேரம்கூட அங்க கிடையாது. கூட்டிட்டுப் போனாங்க, ஆஸ்துமாதான். இப்ப அவன் இன்ஹேலர்ல மாட்டுற குழாய், அந்த ஸ்பேசர் வச்சு நல்லாவே இழுக்கக் கத்துக்கிட்டான்.

காளான் வாங்கல. போறப்ப கற்பூரவள்ளி கிளை ஒன்னு ஒடிச்சுக் குடுத்தேன், இன்னைக்கு எட்டிப் பாத்தேன், பழைய மைலோ டின்னுல நட்டு குழாயடியில வச்சிருக்காங்க, ரெண்டு புது இலை விட்டிருக்கு.