கான்கிரீட் வீடும் கறுப்புக் கோடுகளும்

பினாங்கின் பாயா தெருபோங்கில் சரிவு நிலம் பார்த்திருக்கும் நண்பர், "உங்கள் வீட்டைப் போலவே பூச்சில்லாத கான்கிரீட்டில் கட்டலாமா?" என்று கேட்டார். நிலம் 76 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான், சரிவும் 25 பாகைக்குள்தான், ஆகவே மலைநிலக் கட்டுப்பாடு இல்லை என்ற உற்சாகம் அவருக்கு. கேட்ட நேரம்தான் சரியில்லை. சுவர் கழுவியவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் எங்கள் வீடு சரிவை ஒட்டி மூன்று மட்டங்களாக இறங்குகிறது. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் படியிறங்க வேண்டும். முழங்கால் வலிக்கார மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

என் கோபமெல்லாம் கூரை விளிம்பின் மீதுதான். கத்தியால் நறுக்கியதுபோல் இருக்க வேண்டுமென்று கட்டடக் கலைஞர் இறவாரத்தை ஒரு சாணாகக் குறைத்தார். போகட்டும். அதன் அடியில் ஓடவேண்டிய விரலகலக் காடியையும் அல்லவா ஒழித்துவிட்டார்! காடி இருந்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாததால் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவரில் இறங்குகிறது; இறங்கிய வழியெல்லாம் பாசி படர்ந்து கறுப்புக் கோடு. அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவினால் கறுப்பு போகும், கூடவே மேலிருக்கும் வழவழப்பான சிமெண்ட் படலமும் போகும். தடவிப் பார்த்தால் மணல் நெருடுகிறது. அந்தச் சொரசொரப்பில் அடுத்த பாசி இன்னும் சீக்கிரமாகப் பற்றிக்கொள்கிறது. தீபாவளிக்கு ஊரே சாயம் அடிக்கும்போது மாமியார் கேட்பார்: "மாப்பிள்ளை, இந்த வீட்டுக்குப் பூச்சு வேலை எப்போது முடியும்?"

பின்பக்கத் தடுப்புச் சுவரைக் குறை சொன்னால் மட்டும் என் நாக்கு அழுகிவிடும். 1993 டிசம்பரில் கோலாலம்பூருக்கு அருகே மலைச்சரிவு மண் சரிந்து ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் விழுந்து 48 பேர் மாண்டதை மனைவி மறக்கவில்லை. மலையடியில் தூங்கவே அஞ்சினாள். மண்ணில் தேங்கும் நீர்தான் சுவரைத் தள்ளும் என்று பொறியாளர் பின்னால் சரளைக்கல் நிரப்பி, வடிகட்டும் துணி போர்த்தி, வரிசையாகத் துளைகள் விட்டார். பெருமழைக்குப் பிறகு குனிந்து பார்ப்பேன். தெளிந்த நீர் வடிந்தால் நிம்மதி. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அன்றே அவரை அழைக்க வேண்டும். இதுவரை தெளிவுதான். வேர் அடைத்த துளையைக் கம்பியால் குத்திவிடுவதோடு சரி.

மேற்குச் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் படுக்கையறைக்குள் கொட்டுகிறது. அதைப் பேசினால் இன்னொரு பக்கம் ஆகும்.

நண்பரிடம் கட்டவே கட்டாதீர்கள் என்றேன். சமநிலம், செங்கல், ஓட்டுக்கூரை, நீண்ட இறவாரம் போதும். "அப்படியானால் உங்கள் வீட்டை எனக்கு விற்றுவிடுங்கள்" என்றார். அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இனிமேல் காடி வெட்டவும் முடியாது. கான்கிரீட் மெலிந்து உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். நீர் அங்கேயே சொட்டிவிட, விளிம்பில் அலுமினியப் பட்டை ஒட்ட அடுத்த வாரம் ஆள் வருகிறார். கட்டடக் கலைஞருக்குப் படம் அனுப்பினேன். பட்டை அழகைக் கெடுக்குமாம்.