வகுப்பறையா, ரப்பர் தோட்டமா?

தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்துப் பாறசாலைப் பக்கம், புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர்களை வளர்க்க எங்களிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஞானஸ்நான வகுப்பு. மற்றது, மூத்த விசுவாசி ஒருவர் தம் வேலைக்கும் வீட்டுக்கும் அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிவது.

வகுப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-இல் வகுத்துக்கொடுத்த ஒழுங்கு இன்றும் கைகொடுக்கிறது. ஊழியர் மாறினாலும் பாடம் மாறாது. ஆனால் எங்கள் எல்லையில், வீட்டில் தமிழ் பேசுகிறவர் பள்ளியில் படித்தது மலையாளமாக இருக்கும். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

அதைவிடப் பெரிய சங்கடம், கேள்விகள் வகுப்பு நேரத்தில் வருவதில்லை. ஒருநாள் விடியற்காலையில், ரப்பர் தோட்டத்துக்கு என்னோடு வந்த தம்பி ஒருவன், சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் அம்மா ஊரில் தலைகாட்ட முடியாது. என்ன செய்வது?" விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார், தலைக்கட்டு வரியைப் பற்றி எழுதவில்லை. நான் பதில் சொல்லாமல் அவனோடு அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மூன்று முறை போன பிறகுதான் தெரிந்தது: அந்த அம்மாவுக்குச் சாமி குற்றத்தைப் பற்றிய பயமில்லை. தன் சாவுக்கு மகன் வந்து நிற்பானா என்பதே பயம். இதை எந்தப் பாடத்தில் எழுதி வைப்பது?

வேதாகமத்தில் வரும் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவையே தனியாக அழைத்து விளக்கினார்கள். நம் பக்கத்திலும், பின்னாளில் இரத்தசாட்சியான தேவசகாயம் பிள்ளைக்கு விசுவாசம் திருவிதாங்கூர் சேவையில் உடனிருந்த டச்சுக்காரர் டிலனாயின் பேச்சில்தான் துளிர்த்தது. பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றது 1745-இல்.

கூடத் திரிவதில் ஆபத்தும் உண்டு. என்னிடம் ஜெபிக்கக் கற்ற அதே தம்பி, என் முன்கோபத்தையும் அப்படியே கற்றுக்கொண்டான். அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் இந்த வம்பு இல்லை. கைபேசியில் தினம் ஒரு வசனம் அனுப்புவதை நான் மூன்றாவது வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் எனக்குத் தோட்டம். வகுப்பை மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறேன். பெருமழையில் பால்வெட்டு இருக்காது.