‘பேண்ட் 7 உறுதி’ என்ற ஸ்பீக்கிங் வகுப்புக்குக் காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்குக் கொழும்பில் ஆயத்தமாகும் எல்லோருக்கும், முக்கியமாக ஸ்பீக்கிங் என்ற பேச்சுப் பகுதியில் மட்டும் ‘பேண்ட்’ எனப்படும் புள்ளியில் அரையோ ஒன்றோ குறைந்து நிற்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் நடக்கும் வகுப்புக்கு 48,000 ரூபாய் கட்டினேன். நான் கதைத்த ஒரு வசனம்கூட அங்கே திருத்தப்படவில்லை. எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரைக்கும் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஆனால் இதே மாதிரி நோட்டீஸ்கள் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். அதனால் அவர்கள் காசு வாங்கும் விதத்தையாவது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் தனியார் வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் தாதியாகப் பதிவு செய்ய, அங்குள்ள தாதியர், மருத்துவமாதுகள் சபை ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7ம் ரைட்டிங்கில் 6.5ம் கேட்கிறது. எனக்கு மற்ற மூன்றும் வந்துவிட்டன. ஸ்பீக்கிங் 6.5. கதைக்கப் பயமில்லை, சொற்களுக்கும் பஞ்சமில்லை, கிராமர்தான் இடையிடையே வழுக்குகிறது என்று எனக்கே தெரியும். அந்த நேரத்தில்தான் ‘ஸ்பீக்கிங் கிராமர் ஸ்பெஷல், 30 வசனம் போதும், பேண்ட் 7 உறுதி, வராவிட்டால் காசு திருப்பித் தரப்படும்’ என்ற நோட்டீஸ் கண்ணில் பட்டது. விசாரிக்கப் போனபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஸ்பீக்கிங் பயிற்சி உண்டு, பரீட்சகராக இருந்தவரே வந்து கேட்பார் என்று சொன்னார்கள். வேலை நேரத்தை மாற்றி, இரவு ட்யூட்டி எடுத்துத்தான் அந்த வகுப்புக்குப் போனேன்.

மேல்மாடியில் ஒரு மண்டபம். ஏசி, புரொஜெக்டர், நெருக்கி அடுக்கிய கதிரைகளில் முப்பது நாற்பது பேர். எல்லோர் கையிலும் சுருள் கம்பி போட்டுக் கட்டிய ஒரு புத்தகம். அதில்தான் அந்த 30 வசனங்கள். ‘ஹேட் இட் நாட் பீன் ஃபோர்’ என்று தொடங்கும் ஒன்று, ‘நாட் ஒன்லி டஸ் இட்’ என்று தொடங்கும் இன்னொன்று, இப்படியே போகும். சேர் திரையில் காட்டி வாசிப்பார், நாங்கள் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பு என்றால் அதுதான்.

ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் தம்பி ஒருவரை எழுப்பி, குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவர் எழும்பி, ‘மை பிரதர் இஸ் ஹேவிங் எ ஷாப், ஹி டோன்ட் லைக் டு கோ அப்ராட்’ என்றார். ‘ஹேஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘இஸ் ஹேவிங்’, ‘டஸன்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘டோன்ட்’. நம்மில் நிறையப் பேர் விடுகிற பிழைகள், அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் மண்டபம் முழுவதுக்கும் பிரயோசனம். சேர் என்ன சொன்னார் தெரியுமா? “வெரி குட் தம்பி. முன்னுக்கு நாலாம் நம்பர் வசனத்தைப் போட்டுப் பாருங்க, ஏழுதான்.”

நான் கையை உயர்த்தி, “சேர், தம்பி சொன்னதில ரெண்டு பிழை இருக்கு, அதையும் திருத்திச் சொல்லுவீங்களா?” என்று கேட்டேன்.

“மிஸ், சின்னப் பிழைகளை எக்ஸாமினர் கணக்கெடுக்க மாட்டார். பெரிய வசனம் வந்தால் அதுக்குத்தான் மார்க்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இது சுத்தப் பொய். எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்பது ஒளித்து வைத்த விஷயம் இல்லை. பரீட்சையை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி இரண்டினதும் இணையத்தளங்களில் இலவசமாகவே கிடக்கிறது, தயவுசெய்து எடுத்து வாசியுங்கள். ஸ்பீக்கிங்குக்கு நான்கு அளவுகோல்கள்: தடையில்லாமல் தொடர்பாகக் கதைப்பது, சொல்வளம், கிராமர், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. மூன்றில் 7 எடுத்து கிராமரில் 5 வாங்கினால், கூட்டி நான்கால் பிரித்துப் பாருங்கள், 6.5தான். கிராமரில் 7 என்றால், பலவகை வசன அமைப்புகளைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும், பிழையில்லாத வசனங்கள் அடிக்கடி வர வேண்டும், அடிப்படைப் பிழைகள் ஒரு சிலதான் மிஞ்சலாம் என்று அதில் இருக்கிறது. சிக்கலான வசனங்களுக்கு முயன்று, அவற்றில் அநேகமாக எப்போதும் பிழை விட்டால் அது 5இன் அடையாளம். இன்னும் கீழே இறங்கி 3க்கு வந்தால், மனப்பாடம் செய்ததாகத் தெரியும் பேச்சைத் தவிர மற்ற இடமெல்லாம் பிழை நிறைந்திருக்கும் என்று எழுதியிருக்கிறது. அந்த வகுப்பில் முப்பது நாற்பது பேரைப் பழக்கியது இந்த பேண்ட் 3இல் சொல்லியிருக்கிற மாதிரிக் கதைப்பதற்குத்தான். எனக்கு இப்போதும் ஆத்திரம் வருவது இதை நினைத்துத்தான். வீட்டில் நகையை அடகு வைத்துக் காசு கட்டிய பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள்.

தனித்தனிப் பயிற்சி என்று சொன்னது வட்ஸ்அப் குரல் பதிவாக முடிந்தது. கேள்வியை அனுப்புவார்கள், நாங்கள் பதில் பேசி அனுப்ப வேண்டும், மறுநாள் ஒரு கட்டைவிரல் படமும் ‘சூப்பர் அக்கா, 7 வரும்’ என்ற வரியும் வரும். பிழை எது, எந்த இடத்தில் என்று ஒரு சொல் வராது. பதில் போட்டுக்கொண்டிருந்தவர் அப்போதுதான் உயர்தரம் எழுதி முடித்த ஒரு பிள்ளை என்று பிறகு தெரிந்தது. அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபம் இல்லை. பரீட்சகராக இருந்தவர் என்று சொன்னார்களே, அவர் கடைசி வரைக்கும் வரவே இல்லை.

அப்புறம் பரீட்சை. ஸ்பீக்கிங் மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, படிப்பு மாதிரி நம்மைப் பற்றிய கேள்விகள். இரண்டாவதில் ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரைக்கும் கதைக்க வேண்டும். மூன்றாவதில் அந்த அட்டையின் விஷயத்தையே பிடித்துக்கொண்டு, ஏன், எப்படி, முந்தி எப்படி இருந்தது என்று ஆழமாகக் கேட்பார்கள். அங்கே மனப்பாடம் நிற்காது. எனக்கு வந்தது நான் உதவி செய்த ஒருவரைப் பற்றிய அட்டை. வாட்டில் தினமும் பார்க்கிற விஷயம், வகுப்புக்குப் போவதற்கு முன்பென்றால் மூச்சுவிடாமல் கதைத்திருப்பேன். ஆனால் வாரக் கணக்காகப் பழக்கியதால், வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மனது எந்த நம்பர் வசனத்தைச் செருகலாம் என்றுதான் தேடியது. செருகிய வசனம் அழகாக வந்தது, அடுத்த வசனத்தில் காலம் குழம்பியது. இடையில் தேடித் தேடி நின்றதில் தடையில்லாமல் கதைப்பதும் போனது. மூன்றாம் பகுதியில் நகரத்து அயலவர்களைப் பற்றிய கேள்விக்குப் புத்தக வசனம் ஒன்றைத் தொடங்கியபோது, பரீட்சகர் பாதியிலேயே இடைமறித்து வேறு கேள்விக்குப் போனார். மனப்பாடப் பதிலை இனங்காண அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறது.

முடிவு 6. இருந்ததில் அரைப் புள்ளி இறங்கிவிட்டது.

காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். சேர் மிகவும் அன்பாக உட்கார வைத்து, “கிராமர்ல உங்களுக்கு ஏழு கிடைச்சிருக்கு மிஸ், உச்சரிப்புதான் இழுத்துப் போட்டிருக்கு. எங்கட ப்ரொனன்சியேஷன் கோர்ஸில சேருங்க, பழைய மாணவர் எண்டபடியால் குறைச்சுத் தாறன்” என்றார். இதை நன்றாகக் கவனியுங்கள். பரீட்சைச் சான்றிதழில் ஸ்பீக்கிங்குக்கு ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். நான்கு அளவுகோலிலும் தனித்தனியாக என்ன கிடைத்தது என்பது பரீட்சை எழுதியவருக்கே தெரியாது. அவருக்கு எங்கிருந்து தெரிந்தது? முடிவைப் பார்த்து ‘உங்களுக்கு இதில் இத்தனை’ என்று யாராவது சொன்னால், அடுத்த வகுப்பை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘காசு திருப்பித் தரப்படும்’ என்ற உறுதியின் கதையும் அதுதான். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன: ஒரு வகுப்பும் தவறக் கூடாது, குரல் பதிவுகள் எல்லாம் அனுப்பியிருக்க வேண்டும், பரீட்சைப் பதிவு அவர்கள் மூலமே நடந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறுவனத்தின் தீர்மானமே இறுதியானது. காசு வாங்கும்போது இதில் ஒன்றைக்கூட வாயால் சொல்லவில்லை. விண்ணப்பத்தின் பிரதியும் தரவில்லை. நான் கேட்டு வற்புறுத்தித்தான் போனில் படம் எடுத்தேன்.

என்னோடு படித்த ஒருவரிடம் இதைவிட மோசமாக, பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுக்க ‘ஆள் இருக்கிறது’ என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பக்கமே போக வேண்டாம். பல்கலைக்கழகங்களும் பதிவுச் சபைகளும் சான்றிதழ் இலக்கத்தை ஐஈஎல்டிஎஸ்ஸின் சரிபார்ப்புச் சேவையில் நேரடியாகப் பார்க்கின்றன. போலி என்று தெரிந்தால் காசு போவதோடு நிற்காது, விண்ணப்பமே மோசடி என்ற கணக்கில் போய்விடும்.

இப்போது தெஹிவளையில் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவரிடம் போகிறேன். அவர் எந்த உறுதியும் தரவில்லை. முதல் நாளே, “பிள்ளை, உங்கட போனில ரெண்டு நிமிஷம் கதைச்சுப் பதிஞ்சுகொண்டு வாங்கோ. அதைக் கேட்டு, வாயில வந்தபடியே எழுதுங்கோ. திருத்தக் கூடாது” என்றார். எழுதிக் கொண்டுபோன தாளில் அவர் சிவப்புப் பேனையால் கோடு போட்டபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. என் பிழைகள் நூறு வகை இல்லை, நாலைந்து வகைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அஞ்சு வருஷமாக வேலை செய்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதே மாதிரி ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என்று வாய் போகிறது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று வர வேண்டும். முதல் பகுதியில் வேலையைப் பற்றிக் கேட்டால் இந்தப் பிழை முதல் நிமிடத்திலேயே விழும். இறந்தகாலத்தில் கதை சொல்லத் தொடங்கி, சுவாரசியம் வந்ததும் ‘ஷி டெல்ஸ், ஐ கோ’ என்று நிகழ்காலத்துக்கு ஓடுவது இன்னொன்று. ‘வாட் ஹிஸ் நேம் இஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ டோன்ட் நோ வாட் இஸ் ஹிஸ் நேம்’ என்று கேள்வி வரிசையை உள்ளே கொண்டுவருவது மற்றது.

ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழைதான். அதே கதையை அவருக்கு முன்னால் திரும்பச் சொல்ல வேண்டும். பிழை வந்ததும் டீச்சர் ஒன்றும் சொல்லாமல் விரலை மட்டும் உயர்த்துவார். நானே கண்டுபிடித்துத் திருத்தும் வரைக்கும் விரல் இறங்காது. பரீட்சையில் இடையிடையே தன்னைத் தானே திருத்திக்கொள்வதால் 7 போய்விடாது, தடையில்லாமல் கதைப்பதற்கான அளவுகோலிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பிறகு கதையைக் கொஞ்சம் மாற்றுவார், நேற்று நடந்ததை நாளைக்கு நடக்கப் போவதாகச் சொல்லச் சொல்வார். இதற்குப் பெரிய மண்டபமும் தேவையில்லை, புரொஜெக்டரும் தேவையில்லை. நாம் கதைப்பதைக் கேட்கிற ஒரு காது வேண்டும். முப்பது நாற்பது பேரை வைத்து அதைச் செய்ய முடியாது.

ஆகவே எங்கே போனாலும் காசு கட்டுமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். மாணவர் கதைக்கும் நேரம் எவ்வளவு, பிழை வந்ததும் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். உட்கார விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். திருப்பித் தருவோம் என்று சொன்னால் நிபந்தனைகளை வாசித்து, கையொப்பம் வைத்த தாளின் பிரதியும் பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், துரித இலக்கம் 1977. போனில் சொல்வதோடு விடாமல் எழுத்திலும் கொடுங்கள், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நோட்டீஸ், வட்ஸ்அப் செய்திகள், பற்றுச்சீட்டு மூன்றையும் பிரதி எடுத்து இணையுங்கள். வெள்ளவத்தையில் இதே 30 வசனப் புத்தகத்தோடு படித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள். ஐந்தாறு பேராகச் சேர்ந்து கொடுத்தால் என் ஒருத்தியின் கடிதத்தை விட அதற்குப் பலம் அதிகம்.