லாடமா, வெறுங்குளம்பா?

தடை தாண்டும் குதிரைக்கு லாடம் அடிப்பதா, வெறுங்குளம்போடு விடுவதா? டர்பனில் எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் ஓயாத வழக்கு இது. அண்ணன் லாடக் கட்சி. டிசம்பர் மழையில் புல் வழுக்கும். லாடத்தில் திருகு முளை பொருத்தினால் தாண்டும்போது பிடிப்பு கிடைக்கும். ஈரப் புல்லில் உயரமான தடை என்றால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரருக்குக் காசு அழ வேண்டும்.

மணல் மைதானத்துக்கு வெறுங்குளம்பே போதும். மிதிக்கும்போது குளம்பு லேசாக விரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சீவிவிடும் செலவு மட்டும்தான். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் குதிரைத் தடைதாண்டல் போட்டியில் அணித் தங்கம் வென்ற ஸ்வீடனிடம் வெறுங்குளம்புக் குதிரைகளும் இருந்தன. (இதைச் சொன்னால் அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார்!)

அப்புறம், லாடம் கழற்றிய மறுநாளே சரளைக்கல்லில் ஓட்டாதீர்கள். குளம்பு முழுதாக வளர்ந்து மாற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.