கேபிள் இழுப்பவன் கையில் நெட்வொர்க் புத்தகம்: இரண்டு வருட அனுபவம்

சிங்கப்பூரில் கட்டடம் கட்டடமாக நெட்வொர்க் கேபிள் இழுப்பது என் வேலை. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை தப்பாது. அந்த எட்டுக் கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் தெரியாமல் இருந்தது. அதற்காகவே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஓர் அடிப்படை நூலை வாங்கினேன். ஆங்கிலம், நானூறு பக்கத்துக்கு மேல்.

முதல் அத்தியாயமே ஏழு அடுக்குகள், அதாவது நெட்வொர்க்கின் வேலையை ஏழு படியாகப் பிரித்துச் சொல்லும் பாடம். நாற்பது பக்கத்தோடு நின்றுபோய், மூன்று மாதம் அலமாரியில் கிடந்தது. கூட வேலை பார்க்கும் அண்ணன்தான் வழி சொன்னார். "தம்பி, அடுக்கையெல்லாம் அப்புறம் பாரு. டிஎச்சிபியிலேருந்து ஆரம்பி. தினமும் நீ பாக்குறது அதுதானே."

கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடுதான் டிஎச்சிபி. அந்த அத்தியாயம் என் வேலையையே மாற்றியது. கணினி முதலில் "முகவரி தர யாராவது இருக்கீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும். சர்வர் "இதை எடுத்துக்கோ" என்னும். "அதையே எடுத்துக்கிறேன்" என்று கணினி சொல்ல, "சரி" என்று சர்வர் முடிக்கும். யாருமே பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.

இதைப் படித்த சில வாரத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு மூலைக்கு மட்டும் இணையம் வரவில்லை. கேபிளைப் பிரித்து மறுபடி இழுக்கச் சொன்னார்கள். டெஸ்டரில் எட்டுக் கம்பியும் சரி, கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் விளக்கும் எரிகிறது. கணினித் திரையில் பார்த்தால் 169.254. "கேபிள் நல்லா இருக்கு, கேள்வி சர்வருக்குப் போய்ச் சேரல" என்றேன். எஞ்சினியர் ஸ்விட்சின் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். அந்த மூலைக் கேபிள்கள் செருகிய போர்ட்கள் வேறொரு விலானில், அதாவது ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்து வைத்த வேறொரு நெட்வொர்க்கில், இருந்தன. கூரைப் பலகை ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

குறையும் உண்டு. நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குகளில் நடுப்படிகளை விட்டுவிடுகிறார்கள். /26 என்று குறிக்கும் துண்டில் 64 முகவரி, அதில் கணினிகளுக்கு 62 என்பது பிடிபட, கட்டம் போட்ட நோட்டில் 0, 1 எழுதி எழுதியே இரண்டு வாரம் போனது. புதிய முகவரி முறையான ஐபிவி6-க்கு ஐந்தே பக்கம். பழைய முறையின் 32 பிட்டில் கிடைக்கும் சுமார் 430 கோடி முகவரி போதாமல்தான் 128 பிட்டுக்குப் போனார்கள் என்று சொல்லும் புத்தகம், அதை அமைப்பது எப்படி என்று காட்டவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது மூன்றாவது வாசிப்பு, இரண்டு கணினிகள் இணைப்பு ஏற்படுத்திப் பேசிக்கொள்ளும் முறையான டிசிபி அத்தியாயம். பக்கத்திலேயே லேப்டாப்பில், நெட்வொர்க்கில் போய்வருவதை வரிவரியாகக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் ஓடுகிறது. சென்னையில் இருக்கும் ஒரு சர்வரைத் திறந்தேன். இணைப்புக் கேட்கும் சின், சர்வர் ஒப்புக்கொள்ளும் சின்-ஆக், அதை உறுதிசெய்யும் ஆக் என மூன்று வரிகள். முதல் வரிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 41 மில்லிநொடி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. போகும், சென்னை போய்த் திரும்ப 6,000 கி.மீ. என்று வைத்தாலே 30 ஆகிவிடும். மிச்சம் 11 எங்கே போகிறது என்று போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டு, வழியில் வரும் ரவுட்டர்களை நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.